சிவாஜி இதழ் யாரிடமாவது இருக்கிறதா?

சுஜாதாவைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் குமுதம் வார இதழில்தான் தொடங்குகின்றன. 1962இல் ‘இடது ஓரத்தில்’ சிறுகதை, 1968இல் ‘நைலான் கயிறு’ தொடர், பிறகு பெருகிய வாசகர் கூட்டம். அதற்கு முந்தைய ஸ்ரீரங்கத்து ஆண்டுகளைச் சுவையான முன்கதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த முன்கதையில்தான் விஷயம் இருப்பதாகப் படுகிறது.

பின்னாளில் சுஜாதா ஆன எஸ். ரங்கராஜன் ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். அங்கே அவரைவிட நாலு வயது மூத்த இன்னொரு ரங்கராஜன், பின்னாளில் கவிஞர் வாலி, ‘நேதாஜி’ என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். முதல் பிரதியை வெளியிட்டவர் எழுத்தாளர் கல்கி. அதில் எழுதிய பையன்களில் சுஜாதாவும் ஒருவர். கையெழுத்துப் பத்திரிகையை ஏதோ பிள்ளை விளையாட்டாக நினைப்பது தவறு. ஒரே பிரதி வீடு வீடாகப் போய் வரும். படித்தவர் முகத்தை எழுதியவர் மறுநாளே தெருவில் பார்த்தாக வேண்டும். அச்சுப் பத்திரிகையின் ஆசிரியர்கூட அவ்வளவு உடனடியாகத் தீர்ப்புச் சொல்வதில்லை.

அச்சில் வர வேண்டுமென்றால் ஆற்றைத் தாண்டினால் போதும் என்ற நிலை அன்று இருந்தது. 1942இல் திருச்சியில் சாலிவாகனன் ‘கலாமோகினி’யைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே துறையூரில் ‘கிராம ஊழியன்’ இலக்கிய இதழாக மாறியது. கு.ப. ராஜகோபாலன் தம் கடைசி மாதங்களில் அதற்கு உழைத்தார். பிறகு வல்லிக்கண்ணன் பார்த்துக்கொண்டார். தி. ஜானகிராமனின் ‘அமிர்தம்’ தொடராக வந்தது அதில்தான். ‘மணிக்கொடி’ இதழ் நின்றபின் சிறுகதைக்குக் கிடைத்த இடங்களில் காவிரிக் கரையின் பங்கு சிறியதல்ல. சென்னையையே மையமாக வைத்து எழுதப்படும் வரலாறுகளில் இது ஒரு பத்தியில் முடிந்துவிடுகிறது.

‘கிராம ஊழிய’னில் இருந்த திருலோக சீதாராம்தான் பிறகு திருச்சியில் ‘சிவாஜி’யை நடத்தினார். பாரதி பக்தர், கவிஞர். 1953இல், செயிண்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்த பதினெட்டு வயதுப் பையனின் ‘எழுத்தில் ஹிம்சை’ கதையை வெளியிட்டவர் அவர். ஆக, சுஜாதாவுக்கு முதல் கதவைத் திறந்தது வணிகப் பத்திரிகை அல்ல, உள்ளூர்ச் சிற்றிதழ். ‘குமுதம் உருவாக்கிய எழுத்தாளர்’ என்று அவரை ஒதுக்கும் விமர்சகர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அதற்குப் பிறகு 1962 வரையிலான ஒன்பது ஆண்டுகளில் குரோம்பேட்டை எம்.ஐ.டி. படிப்பும் விமானத் துறை வேலையும் வந்து போகின்றன. குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்ததால் பெயர்க் குழப்பம். மனைவி பெயர் புனைபெயராயிற்று. 1965இல் டெல்லியிலிருந்து வரத் தொடங்கிய ‘கணையாழி’யில் மட்டும் ‘ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.’ என்று பத்தி எழுதினார். வார இதழுக்கு மனைவி பெயர், சிற்றிதழுக்கு ஊர்ப் பெயர்! தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் பதினெட்டு வயதில் எந்த வகைப் பத்திரிகை தன்னை ஏற்றதோ, அந்த வகைப் பத்திரிகைக்குத் திரும்பியபோது ஊரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அந்த ஊர் ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ கதைகளாக விரிந்தது நடுவயதைத் தாண்டிய பின்புதான்.

இந்தத் தொடக்க காலக் கதைகளை ஆராய்பவருக்குப் பெரிய இடைஞ்சல் தகவல் இல்லாததுதான். பல சிறுகதைத் தொகுப்புகள் எந்தக் கதை எந்த இதழில் எப்போது வந்தது என்று சொல்வதில்லை. சொல்லாதபோது எது பதினெட்டு வயதுக் கை, எது முப்பது வயதுக் கை என்று பிரித்தறிவது எப்படி? சென்னை ரோஜா முத்தையா நூலகம், புதுக்கோட்டை ஞானாலயா போன்ற இடங்களில் பழைய இதழ்களைப் புரட்டித்தான் தேட வேண்டியிருக்கிறது.

‘எழுத்தில் ஹிம்சை’ வந்த அந்த ‘சிவாஜி’ இதழ் சுஜாதாவிடமே இல்லை. கொண்டுவந்து கொடுப்பவருக்கு என் ராஜ்யத்தில் பாதியைத் தருகிறேன் என்று வேடிக்கையாக எழுதினார். 2008இல் அவர் போய்ச் சேர்ந்தார். ஸ்ரீரங்கத்து உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் பழைய வீடுகளை இடித்து அடுக்கு மாடி கட்டுகிறார்கள். பரணைக் காலி செய்பவர்கள் எடைக்குப் போடுமுன் பழைய இதழ்க் கட்டைப் பிரித்து ஒருமுறை பார்க்கலாம்.