கேட்போரும் களனும்: நூல் பெறாத எழுத்தாளர் பெயர் பெறும் நெறி

நூல் ஒன்றும் வெளியிடாத எழுத்தாளர் முதற்கண் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் தமக்கெனப் பின்தொடர்வோரைத் திரட்டிக்கொள்ளல் வேண்டும் என்றும், அதன் பின்னரே பதிப்பகத்தார் அவரைத் திரும்பிப் பார்ப்பர் என்றும் ஒரு கருத்து இன்று பரவலாக வழங்குகின்றது. நம் துறைகளிற் பயிலும் மாணவருள் கவிதையோ சிறுகதையோ எழுதுவார் பலர் இதனை விதியெனவே கொண்டுள்ளனர். மற்றொரு புறம், அச்சேறாத எதனையும் இலக்கியமென ஏற்காத புலமை மரபும் நம்மிடையே உண்டு. இவ்விரண்டும் ஆராய்ந்து கொண்ட முடிபுகளாகத் தோன்றவில்லை. நூலுக்கு முன்னரே பெயர் பெறுதல் தமிழ்ப் புலவர்க்குப் புதிதன்று. அப்பெயர் யார் வாயிலாக வந்தது, எக்களனில் வந்தது, பாட்டினை அஃது என் செய்தது என்பனவே ஈண்டு ஆராயத்தக்கன.

பவணந்தியார் நன்னூற் பாயிரத்துள், புலவன் தன்னைத் தானே புகழ்தல் தகாதென விலக்கிப் பின்னர் நான்கு இடங்களில் அதனை உடன்படுகின்றார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை உணராதார் நடுவிலும், அவையில் வெல்லும் பொழுதிலும், மாற்றான் தன்னைப் பழித்தவிடத்தும் அது தகும் என்பது அவர் கொள்கை. இவற்றுள் இரண்டாவதே நமக்கு வேண்டுவது. பெயரறியப்படாத எழுத்தாளன் தன் ஆற்றலை உணராதார் நடுவிலேயே நிற்கின்றான். ஆகலின் தன்னைப் பற்றித் தானே கூறிக்கொள்ளுதல் அவனுக்கு இழுக்கன்று. முகநூலில் தம் கவிதையைத் தாமே எடுத்துரைக்கும் இளைஞரை விளம்பரப் பித்தர் என இகழும் பேராசிரியப் பெருமக்கள் இந்நூற்பாவை மாணவர்க்கு நடத்தியதோடு மறந்தார் போலும். ஆயினும் நன்னூலார் தந்த இசைவு ஒரு பொழுதுக்கே உரியது. ஆற்றல் உணரப்பட்டவுடன் அது முடிந்துவிடும். நாள்தோறும் ஏதேனும் இடவேண்டும், இடாதார் மறக்கப்படுவர் என்னும் இன்றைய ஊடக நடைமுறையோ அப்பொழுதை முடியவிடுவதேயில்லை.

தற்புகழ்ச்சி தகாது என்றதனாலேயே சிறப்புப்பாயிரம் பிறர் வாய்ச்சொல்லாக அமைந்தது. அதனைச் செய்தற்குரியோர் ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், தகுதியுடைய உரைகாரன் என்னும் நால்வர். அவர் கூறவேண்டுவன ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டு. காலம், களன், காரணம் என்னும் மூன்றும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர். கேட்போர், களன் என்னும் இரண்டும் இப்பட்டியலில் இடம்பெற்றமை கருதத்தக்கது. தொல்காப்பியப் பாயிரம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தையும் அதங்கோட்டாசானையும் பெயர் சுட்டிக் கூறுவது இதுபற்றியே. இன்றைய பகிர்வினைச் சிறப்புப்பாயிரத்தின் வழித்தோன்றல் எனலாம், பகிர்வார் ஒரு சொல்லேனும் எழுதின். விருப்பக்குறியோ அப்பதினொன்றில் ஒன்றனையும் கூறுவதன்று. அஃது ஆயிரம் பெறினும், இட்டவர் பெயரன்றி அவர் எத்தகைய கேட்போர் என எழுதியவர் அதனால் அறிய வழியில்லை.

இதற்குப் புதுவையினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது. 1891இல் பிறந்த கனக சுப்புரத்தினம், புதுவைக்கு வந்து தங்கிய பாரதியாரை 1908இல் அறிந்தார். பாரதியார் கேட்க அவர் பாடிய சக்திப் பாட்டு, தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் இயற்றியது என்னும் குறிப்புடன் பாரதியாராலேயே சுதேசமித்திரனுக்கு அனுப்பப்பட்டது என்பது அவர்தம் வரலாற்று நூல்கள் பலவும் கூறும் செய்தி. அக்குறிப்பு ஒரு வரிதான். ஆயினும் சிறப்புப்பாயிரத்தின் பணியை முற்றச் செய்தது. ஆக்கியோன் யார், அவன் யார் வழியினன் என்பன அதனால் விளங்கின. பின்னர் அவ்வழியே அவருக்குப் பெயராயிற்று. பாரதிதாசன் என்னும் பெயர் தன்னைச் சுட்டாது பிறரைச் சுட்டுகின்றது. தமிழுலகில் அவர் நிலைத்ததும் அதனாலேயே. அரசுப் பள்ளி ஆசிரியராகிய அவர் கிண்டற்காரன் முதலிய வேறு புனைபெயர்களையும் மேற்கொண்டதுண்டு. அவை இன்று ஆய்வாளர்க்கே தெரியும்.

அவருடைய கவிதைத் தொகுதி 1938இல் வெளிவந்தது. முதற் சந்திப்பிலிருந்து முப்பதாண்டு கழிந்திருந்தது. இடையில் மயிலம் முருகன்மேற் பாடிய துதிப்பாட்டுகளும், 1930இல் சஞ்சீவி பர்வதத்தின் சாரல் போன்ற சிறு நூல்களும் வந்தன என்பது உண்மை. எனினும் அவர் பாட்டைத் தமிழ்நாடு அறிந்தது குடி அரசு, புதுவை முரசு ஆகிய இதழ்களாலும் சுயமரியாதை மேடைகளாலும் ஆகும். தொகுதி வந்தபோது அதனைக் கேட்போர் முன்னரே உளராயினர்.

அம்மேடை பாட்டின் யாப்பிலும் நடையிலும் தன் சுவட்டைப் பதித்தமையே திறனாய்வாளர் காணத்தவறிய இடம் என்பது எம் கருத்து. கூட்டத்தின் செவியை முதலடியிலேயே பற்றும் எடுப்பு, விளி, ஏவல் வினைகளின் மிகுதி, ஒரு முறை கேட்டோர் திரும்பப் பாடத்தக்க மெட்டு ஆகியவற்றைக் கவிஞரின் இயல்பென்று மட்டும் கூறி அமைகின்றோம். களனின் இயல்பும் அதுவே. சஞ்சீவி பர்வதத்தின் சாரலில் உலகத்தார் பேசுவதெல்லாம் காதில் விழச் செய்யும் மூலிகை ஒன்று வருகின்றது. குப்பனும் வஞ்சியும் அதனைத் தின்று பிறநாட்டார் பேச்சைக் கேட்கின்றனர். அக்காவியம் பெரும்பாலும் உரையாடலாகவே நடத்தல் செவிக்குப் பழகிய கவிஞனின் வேலைப்பாடு. இக்காலத்துக்கு ஓர் அயல்நாட்டுச் சான்றும் தரலாம். கனடாவில் வாழும் ரூபி கௌர் இன்ஸ்டாகிராமில் கவிதை வெளியிட்டுப் பெயர் பெற்று, 2014இல் தம் முதல் நூலைத் தாமே அச்சிட்டார். 2015இல் பதிப்பகம் ஒன்று அதனை ஏற்றது. கைப்பேசித் திரையின் ஒரு சட்டத்துள் அடங்கும் சில வரிகளே அவர் கவிதையின் வடிவம். அவ்வடிவத்தைப் பழிப்பதோ போற்றுவதோ எளிது. திரை அளந்து கொடுத்த யாப்பு அஃது என உணர்தலே திறனாய்வு. தமிழில் முகநூல் வழியே நூலாகும் குறுங்கவிதைகட்கும் இது பொருந்தும். நெடும்பாட்டு எழுத விழைவார் அக்களனிலேயே பல ஆண்டு பழகின், அவர் மூச்சுக் குறுகுதல் திண்ணம்.

களன் பிறர்க்கு உரியதாயின் நேரும் இடரைப் பாரதியார் வாழ்விற் காணலாம். 1907இல் வி. கிருஷ்ணசாமி ஐயர், அரசியலில் மிதவாதியாயிருந்தும், பாரதியாரின் பாட்டுகள் சிலவற்றை 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். தம்மொடு கருத்தொவ்வாதார் தந்த அப்பாயிரம் இன்றைய எவ்வெண்ணிக்கையினும் பெரிது. புதுவையிலிருந்து நடந்த இந்தியா இதழோ, ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிக்குள் நுழையத் தடுக்கப்பட்டமையால் 1910இல் நின்றது. படிப்போர் மறுபுறத்தேதான் இருந்தனர். அவரை எட்டும் வழி அடைபட்டது. 1920இல் கடையத்திலிருந்து அவர் விடுத்த சுற்றறிக்கை இதனினும் துயரமானது. தம் எழுத்து முழுவதையும் 40 நூல்களாக, நூலொன்றுக்கு 10,000 படியாக அச்சிட எண்ணிப் பொருளுதவி வேண்டினார். நாடறிந்த பெயர் அப்போது அவருக்கு இருந்தது. திட்டம் நிறைவேறவில்லை; 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். பெயரறிந்தோர் வேறு, நூல் கொள்வோர் வேறு. பின்தொடர்வோர் தொகையைப் பதிப்பகத்தார்க்குக் காட்டும் நம் இளைஞர் இவ்வேறுபாட்டை நாற்பது தொகுதிகளின் கதையிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

புதுவையிலேயே மற்றொரு களனும் இருந்தது. முத்தியால்பேட்டைக் கிருஷ்ணசாமி செட்டியாரின் தோப்பு இன்றும் குயில் தோப்பு எனவே வழங்குகின்றது. குயிற்பாட்டு ஆங்கெழுந்தது என்பது ஊர் வழக்கு. தேசிய கீதங்கள் பல்லாயிரவரை நோக்கியன. குயிற்பாட்டின் முடிவோ தமிழ்ப் புலவரை விளித்து, இதற்கு வேதாந்தமாகப் பொருள் விரிக்க இடமுண்டாயின் உரைக்குமாறு கேட்கின்றது. கேட்போர் இன்னார் எனப் பாட்டே குறித்துவிட்டது. அத்தோப்பில் அமர்ந்து கேட்டார் ஒருசிலரே ஆதல் வேண்டும். நீண்டும் சுழன்றும் நகையாடியும் செல்லும் அப்பாட்டு மேடைக்கோ செய்தித்தாளின் பத்திக்கோ அளந்து செய்யப்பட்டதன்று. ஒரே கவிஞர், ஒரே நகர். களன் மாறப் பாட்டும் மாறிற்று. மாணவர் எம்மிடம் முகநூலில் எழுதலாமோ என வினவும்போது, எழுதுக என்றே கூறுகின்றோம். கூடவே, படித்து முகத்துக்கு நேரே குறை கூறுவார் நால்வர் உளரோ எனவும் கேட்கின்றோம். பெரும்பாலார் விடை கூறத் தயங்குகின்றனர்.

இனி ஆய்வுத்துறை செய்யவேண்டுவது ஒன்று உண்டு. பாரதியார் படைப்புகளைச் சீனி. விசுவநாதன் காலவரிசைப்படுத்தித் தந்தமைக்குப் பழைய இதழ்கள் நூலகங்களிலும் தனியார் சேமிப்பிலும் எஞ்சியிருந்தமையே அடிப்படை. இன்று முகநூலில் முதல் வடிவம் பெறும் கவிதை, எழுதியவர் கணக்கை நீக்கின் அன்றே மறைந்துபோம். அதற்கு எழுந்த மறுமொழிகளும் உடன் மறையும். நூல் வடிவத்தை மட்டும் வைத்து இக்கால எழுத்தாளரை ஆராய்வார் களனையும் கேட்போரையும் இழந்த பாயிரத்தையே கையில் கொண்டவராவர். முனைவர் பட்ட ஆய்வேடுகள் முதல் வடிவத்தை நாளிட்டுப் படியெடுத்துப் பின்னிணைப்பாகச் சேர்த்தல் வேண்டும். எழுதியவர் இசைவு பெற்று இதனை இப்போதே தொடங்கலாம்.