கதவு யாருக்குத் திறக்குது?

பிரெஞ்சு மரபில் எழுதித் தொகுத்த சட்டம் பெரிது, ஆங்கிலேய மரபில் நீதிபதியின் முன்தீர்ப்பு பெரிது என்று பாடநூல்கள் பிரிக்கின்றன. நான் கேட்பது வேறு: பாதிக்கப்பட்டவங்க எந்தக் கதவைத் தட்டுறது?

பிரான்சில் 1958இல் அரசியலமைப்பு மன்றம் வந்தது. சட்டங்களை அங்கே கொண்டுபோகும் உரிமை குடியரசுத் தலைவர், பிரதமர், இரு அவைத் தலைவர்கள் என நாலே பேருக்கு. 1974இல் ஓர் அவையின் 60 உறுப்பினர்கள் சேர்ந்தால் போகலாம் என்றானது. நடப்பிலுள்ள சட்டத்தை வழக்காடுகிற குடிமகன் கேள்வி கேட்க 2010 ஆயிற்று. அதையும் மேல்நீதிமன்றம் வடிகட்டித்தான் அனுப்பும்.

இங்கே 32, 226ஆம் பிரிவுகள் 1950லேயே கதவைத் திறந்துவிட்டன. 32ஐ அரசியல் சட்டத்தின் உயிர் என்றே அம்பேத்கர் கருதினார். ஆனால் நுழைந்தது யாரு? மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடாத செண்பகம் துரைராஜன் 226இன் கீழ் வழக்குப் போட்டார். 1951இல் உச்சநீதிமன்றம் சென்னையின் வகுப்புவாரி அரசாணையைச் செல்லாதென்றது. போராட்டம் வெடித்தது. அதே ஆண்டு முதல் திருத்தம் 15(4)ஐ எழுதிச் சேர்த்தது.

நீதிபதி பறித்ததை எழுத்து மீட்டுத் தந்தது. எந்த மரபு உசத்தின்னு பரீட்சையில் எழுதிக்கலாம். கதவுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பது யாரு என்பதையும் நாம கேட்டாகணும்.