செத்த மொழிக்கு அரியணை, வாழும் மொழிக்கு?

நாட்டுச் சின்னத்தைக் கண்டால் கைகூப்புவோர் உண்டு. நாம் கூப்புவதில்லை, படித்துப் பார்க்கிறோம். சின்னம் சாமியன்று; ஆட்சியினர் மக்களுக்கு எழுதிக் கொடுத்த உறுதிச்சீட்டு. சீட்டுக்குச் சூடம் கொளுத்துவதா, சொன்னபடி நடந்தார்களா என்று கேட்பதா? கேட்பதே பகுத்தறிவு.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். 1910 இல் வெள்ளையராட்சி ஏற்ற சின்னத்தில் 'ஒற்றுமையால் வலிமை' என்று இலத்தீனில் எழுதியிருந்தது. யாருடைய ஒற்றுமை? வெள்ளையர்க்குள் ஒற்றுமை, கறுப்பு மக்களுக்கோ அடிமை வாழ்வு! 1994 இல் நிறவெறி ஆட்சி வீழ்ந்தது. 2000 ஏப்ரல் 27 அன்று புதிய சின்னம் வெளிவந்தது. அந்நிலத்தின் தொல்குடிகளான சான் மக்களின் பாறை ஓவியத்திலிருந்து எடுத்த இரு மனித உருவங்கள் எதிரெதிர் நின்று வரவேற்கின்றன. கீழே, 'வேறுபட்ட மக்கள் ஒன்றுபடுக' என்னும் பொருள்தரும் வாசகம். அரிய மாற்றம், போற்றுகிறோம்.

வாசகத்தின் மொழி எது? சான் மக்களில் ஒரு பிரிவினர் பேசிய காம் மொழி. நாவின் சொடுக்கொலியோடு தொடங்கும் அப்பெயரை நம் எழுத்தில் முழுமையாக எழுத இயலாது. அதைப் பேச இன்று ஒருவரும் இல்லை. குடியேறிய வெள்ளையர் அம்மக்களை வேட்டையாடினர், நிலத்தைப் பறித்தனர், எஞ்சியோரைப் பண்ணையாட்களாக்கினர். 1870 களில், கேப்டவுனில் சிறைவாசிகளாயிருந்த சிலரிடம் கேட்டு பிளீக் என்னும் அறிஞரும் லூசி லாயிடு அம்மையாரும் எழுதிவைத்த ஏடுகளே அம்மொழிக்குப் பெருஞ்சான்று. சிறைக்குள் கடைசி மூச்சு, சின்னத்தில் சிம்மாசனம்!

எவர்க்கும் உரிமையில்லாத மொழியாதலால் எவர்க்கும் மனக்குறை இராது என்பர் சிலர். நன்று! உரிமை கேட்க ஆளில்லாத மொழிக்கு அரியணை. கேட்க ஆளுள்ள மொழிக்கு?

1996 இல் இயற்றிய அரசியல் சட்டம் 11 மொழிகளை ஆட்சிமொழிகளாக்கியது. கோய், நாமா, சான் மொழிகள் அப்பட்டியலில் இல்லை. அவற்றை வளர்க்க வேண்டுமென்று ஒரு வாரியத்துக்குக் கட்டளையிட்டதோடு சரி. 2023 இல் சட்டத்தைத் திருத்திச் செவிப்புலன் இழந்தோரின் சைகைமொழியை 12 ஆவதாகச் சேர்த்தனர். நேர்மையான செயல். திருத்த முடியும் என்பதற்கும் அதுவே சான்று. வடகேப் பகுதியில் நாமா இன்றும் மக்கள் நாவில் வாழ்கிறது. அதற்கு மட்டும் ஏன் கதவடைப்பு?

மொழியின் அருமை அந்நாட்டார் அறியாததன்று. 1976 சூன் 16 அன்று, ஆப்பிரிக்கான்சு மொழியைப் பாடமொழியாகத் திணித்ததை எதிர்த்துச் சொவெட்டோ மாணவர் வீதிக்கு வந்தனர். துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையாயினர். அக்குருதி கேட்டது, கல்லில் பொறித்த பெருமையையன்று. வகுப்பறையில் வாழும் உரிமையை.

தோழர்களே! எந்நாட்டுச் சின்னத்தைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: யாரைக் காட்டுகிறது? யாரை மறைக்கிறது? காட்டியவர்க்கு என்ன கொடுத்தது? தென்னாப்பிரிக்காவின் சின்னம் முதல் கேள்வியில் வென்றது. மூன்றாம் கேள்விக்கான விடையை, நாமா பேசும் வீட்டுக் குழந்தையின் பள்ளியில் எழுதட்டும்.