ஓரம் பார்த்தால் தெரியும்

பழைய காரைப் புதுப்பித்தவர் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவது பாடியின் பளபளப்பை. விஷயம் தெரிந்தவர் வந்தால் கையில் டார்ச்சோடு நேராகக் குனிந்துவிடுவார். பம்பரையும் பானெட்டையும் விட்டுவிட்டு சேஸிஸின் ஓரங்களைத்தான் தேடுவார். இரும்புச் சட்டத்தின் சமமான முகத்தில் யார் பூசினாலும் பூச்சு நன்றாகவே உட்காரும். வெல்டிங் தையலின் மேடு, இரண்டு தகடுகள் கூடும் மூலை, போல்ட் துளையின் வாய், வெட்டிய தகட்டின் கூர்விளிம்பு ஆகிய இடங்களில்தான் பூச்சின் தரமும் பூசியவரின் பொறுமையும் தெரியவரும். பவுடர் கோட்டிங்கா, பெயின்ட்டா என்று ஓயாமல் நடக்கும் வாதத்துக்கும் அந்த ஓரங்களிலேயே பதில் இருக்கிறது.

இதை ரசித்துப் பார்க்க நம்மூரில் தோதான வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அம்பாசடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் தனியாகச் சேஸிஸ் கிடையாது, பாடியே எலும்புக்கூடு. 1961 முதல் சென்னைக்கு அருகே வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் உருவான ஹெரால்டுக்கு அது உண்டு. மூல வண்டியான ட்ரையம்ஃப் ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்தது; உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிச்செலோட்டி. எல்லோரும் ஒரே கூடாகக் கார் கட்டத் தொடங்கிவிட்ட அந்தக் காலத்தில் ட்ரையம்ஃப் கம்பெனி தனிச் சேஸிஸுக்குப் போனதற்குக் காரணம் உண்டு. கார் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனியான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. முழுப் பாடியை ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லை. ஆகவே பாடியைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, சேஸிஸ் மேல் போல்ட் போட்டு இணைத்தார்கள். நெருக்கடியில் பிறந்த இந்த ஏற்பாடு இன்று புதுப்பிக்கிறவருக்கு வரமாகிவிட்டது. போல்ட்டுகளைக் கழற்றினால் பாடி தூக்கி வைக்க வந்துவிடும். சேஸிஸ் முழுதாக வெளியே நிற்கும்.

அப்படி நிற்கும்போது அதன் வடிவமே அழகு. பெட்டிக் குழாயாக வெல்டு செய்த இரண்டு தண்டுகள் வண்டியின் நடுவில் நெருங்கி ஓடுகின்றன. முன்னால் எஞ்சினுக்காகவும் பின்னால் டிஃபரன்ஷியலுக்காகவும் விரிகின்றன. முன்சக்கரங்கள் நன்றாகத் திரும்ப இடம் இருப்பதால் வண்டி 25 அடி வட்டத்துக்குள் வளைந்துவிடும். நடுத்தண்டுகளிலிருந்து இரு பக்கமும் கைகள் நீள்கின்றன. அவற்றை வெளியோரத் தண்டுகள் இணைக்கின்றன. சேறும் தண்ணீரும் முதலில் குடியேறுவது அந்தக் கைகளில்தான். நடுத்தண்டு திடமாக இருக்கும், ஓரக்கைகள் பிஸ்கட்டாக நொறுங்கும். ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த கதை இது.

பூச்சுக்கு முந்திய ரசனை சாண்ட் பிளாஸ்டிங் முடிந்த நாளில் தொடங்குகிறது. துருவும் பழைய கறுப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் போய், இரும்பு மினுக்கமில்லாத வெளிர்சாம்பல் நிறத்தில் நிற்கும். தொழிலில் இந்தச் சுத்தத்தை எஸ்.ஏ. இரண்டரை என்ற தரத்தால் அளக்கிறார்கள். பரப்பு வழவழப்பாக இருக்காது. கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களில்தான் பூச்சு பற்றிக்கொள்கிறது. மறைந்திருந்தது எல்லாம் அன்றைக்கு அம்பலமாகும். கெட்டி என்று நம்பிய ஓரக்கை, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சல்லடை. யாரோ எப்போதோ கேஸ் வெல்டிங்கில் ஒட்டிய ஒட்டுத்தகடு தன் கதையைத் தானே சொல்லும். பிளாஸ்டிங் முடிந்த இரும்பை வெறுங்கையால் தொடக்கூடாது. வியர்வையின் உப்பு படிந்த இடத்தில், விரல் ரேகை சுழி மாறாமல், பழுப்புத் துருவாக எழும்பிவிடும். கடற்காற்று வீசும் ஊரில் மணிக்கணக்கிலேயே மேலெல்லாம் மஞ்சள் பூத்துவிடும். பவுடரோ பெயின்ட்டோ, முதல் கோட் அன்றைக்கே ஏறியாக வேண்டும்.

முதலில் பவுடரின் அழகைச் சொல்லிவிடுவோம். பார்க்கத் தெரிந்தால் அது ஒரு வித்தை. சேஸிஸைக் கொக்கியில் தொங்கவிட்டு எர்த் கொடுக்கிறார்கள். துப்பாக்கி முனையில் பல்லாயிரம் வோல்ட். மின்னேற்றம் பெற்ற பொடி, முன்னால் தூவினாலும் குழாயைச் சுற்றி வளைந்து போய்ப் பின்முதுகிலும் ஒட்டிக்கொள்ளும். தின்னர் வாசனை கிடையாது, வடிதல் கிடையாது. தவறாகப் பட்டால் காற்றடித்து உதறிவிட்டு மறுபடி தூவலாம். ஓவனுக்குள் போகும்வரை அது வெறும் மாவுதான். உள்ளே போனதும் பொடி உருகி, கூடி, பரவி, வேதிப்பிணைப்பில் இறுகுகிறது. ஒருமுறை இறுகியது மறுபடி உருகாது. ஆறியதும் தொட்டுப் பார்த்தால் ஒரே தோல். 60 முதல் 100 மைக்ரான் தடிமன், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். ஒரே முறையில் சாதாரணப் பெயின்ட்டுக்கு அந்தக் கனம் வராது. மாலையில் ஆறிவிட்டால் மறுநாள் காலை சஸ்பென்ஷன் மாட்டலாம். ஸ்பானர் நழுவி விழுந்தாலும் பெரும்பாலும் சின்னத் தடம்கூட இருக்காது.

இனி அதே சேஸிஸின் மூலைக்கு டார்ச்சைக் கொண்டுபோவோம். ஓரக்கை நடுத்தண்டோடு சேரும் உள்மூலையில் மின்புலம் நுழையத் தயங்குகிறது. பொடி வாசலிலேயே இருபுறமும் குவிந்துவிடுகிறது. இயற்பியலில் இதற்கு ஃபாரடே கூண்டு என்று பெயர். அனுபவமுள்ளவர் வோல்ட்டைக் குறைத்து, காற்றைத் தணித்து, மூலைகளை முதலில் நிரப்பிவிட்டுத்தான் முகங்களுக்கு வருவார். அவசரக்காரர் முகங்களைப் பளபளவென்று முடித்துவிடுவார். மூலையில் மெல்லிய சாம்பல் நிழல் தங்கிவிடும். கூர்விளிம்பில் வேறு சங்கதி. உருகிய பொடி தன் பரப்பிழுவிசையால் விளிம்பை விட்டுப் பின்வாங்குகிறது. சமதளத்தில் 80 மைக்ரான் இருந்தாலும், தகட்டின் வெட்டு முனையில் அதில் ஒரு பங்குதான் நிற்கும். அதனால்தான் கவனமுள்ளவர்கள் பிளாஸ்டிங்குக்கு முன்பே எல்லா விளிம்புகளையும் கிரைண்டரால் மழுக்கி வைக்கிறார்கள். கனரக இரும்புப் பூச்சுக்கான விதிகள் இரண்டு மில்லிமீட்டர் ஆரமாவது வேண்டும் என்கின்றன. மெல்லிய கார்த் தகட்டில் அவ்வளவு முடியாது. கையை உரசிப் பார்த்தால் கீறாத அளவு வந்தால் போதும்.

ஓவனுக்கும் ஒரு நுட்பம் இருக்கிறது. 180 முதல் 200 டிகிரி என்பது இரும்பு அடைய வேண்டிய சூடு. காற்றின் சூடு அல்ல. ஓரக்கையின் மெல்லிய தகடு சீக்கிரம் சூடேறும். சஸ்பென்ஷன் தாங்கும் தடித்த பகுதி நிதானமாக ஏறும். கடிகாரத்தை ஓவன் கதவு மூடியதிலிருந்து எண்ணினால், தடித்த இடத்துப் பூச்சு வேகாமல் நின்றுவிடும். பார்வைக்குப் பழுதிருக்காது, கல் பட்டால் தெறிக்கும். தண்டின் மடிப்பில் அறுபது வருட எண்ணெய் தங்கியிருந்தால் சூட்டில் அது கொதித்து, பூச்சை ஊசித்துளைகளாகப் பொத்துக்கொண்டு வெளியேறும். ஆகவே வெறும் இரும்பை ஒருமுறை தனியாகச் சுட்டு, கசிவதைக் கசியவிட்டுத் துடைத்துவிட்டுப் பொடி போடுகிறவரைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடலாம்.

அம்பத்தூர், கிண்டிப் பக்கத்துப் பட்டறைகளில் ஜன்னல் கிரில்லுக்கும் பேனல் பெட்டிக்கும் பொடி போடும் முன் நடக்கும் ஏழு தொட்டி முறை அதனளவில் அருமையான ஏற்பாடு. பிசுக்கு நீக்கி, அமிலத்தில் துருவெடுத்து, பாஸ்பேட் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் நடுவே அலசுவார்கள். திறந்த தகட்டுக்கு அதுவே சிறந்தது. மூடிய பெட்டித் தண்டை அந்த அமிலத் தொட்டியில் முக்கினால், மடிப்புக்குள் போனது முழுதாக வெளியே வராது. சில வாரங்கள் கழித்துப் புதுப் பூச்சின் மேல் மடிப்போரமாகப் பழுப்புக் கோடு வடிந்திருக்கும். சேஸிஸுக்கு பிளாஸ்டிங்தான் பொருத்தம். அதிலும் உள்ளே புகுந்த மணலைத் தட்டி, ஊதி, திருப்பிப் போட்டுத் தட்டி எடுக்க வேண்டும்.

பெயின்ட்டின் நயம் இன்னொரு வகை. இங்கே மின்சாரம் இல்லை, கை இருக்கிறது. நல்ல பெயின்டர் ஸ்ப்ரே கன்னை எடுப்பதற்கு முன் ஒரு இஞ்ச் பிரஷ்ஷை எடுப்பார். எபாக்சி பிரைமரைக் கலந்து, வெல்டிங் தையல் ஒவ்வொன்றிலும் துளையின் உள்வாயிலும் விளிம்பு நெடுகிலும் முதலில் தடவிக்கொண்டே போவார். வேடிக்கை பார்க்கும் பையன், “ஸ்ப்ரே பண்ணப்போற இடத்துக்கு எதுக்குண்ணே பிரஷ்?” என்று கேட்டால், “கன்னு முகத்தைத்தான் பாக்கும் தம்பி, மூலைய நாமதான் பாக்கணும்” என்பது பதிலாக இருக்கும். தையலின் சிறுகுழிகளுக்குள் பிரைமரைக் குத்தித் திணிப்பது பிரஷ்ஷின் வேலை. ஸ்ப்ரே அதைச் செய்யாது. பூச்சு எங்கே மெலியுமோ அங்கே முன்கூட்டியே ஒரு கோட் கூடுதலாக விழுந்துவிடுகிறது. அதன் மேல் முழுக்க ஸ்ப்ரே, பிரைமர் முழுதாக இறுகும் முன் அடுத்த கோட், கடைசியில் ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே கறுப்பு. பிரைமர் இறுகும் முன் அடுத்த கோட் போடத் தவறவிட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் தொடர வேண்டும். டூ-கே கறுப்பின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருப்பதால் சாதாரணத் துணி மாஸ்க் போதாது. வெளிக்காற்று தரும் முகமூடி வேண்டும். முழுதாக இறுக ஒரு வாரம் ஆகும். அதுவரை அவசரப்பட்டு போல்ட் முறுக்கினால் வாஷருக்கு அடியில் பூச்சு பிதுங்கும்.

அந்தக் கறுப்பில் வெல்டிங்கின் அலைவரிகள் அப்படியே தெரியும். பிரஸ்ஸில் அடித்த தகட்டின் மடிப்பு கூர்மை கெடாமல் நிற்கும். பவுடர் இவற்றையெல்லாம் கொஞ்சம் உருட்டிவிடுகிறது. நம்மூரில் இதற்கு ஒரு நடைமுறை முக்கியத்துவமும் உண்டு. பெயர் மாற்றம், மறுபதிவு என்று ஆர்டிஓ அலுவலகம் போனால் பொறித்த சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் பதிவெடுக்கச் சொல்வார்கள். எழுத்தின் பள்ளத்தில் தடித்த பூச்சு நிறைந்துவிட்டால் தாளில் விழுவது வெறும் கறுப்புப் பட்டை. எண் பொறித்த இடத்தை டேப் ஒட்டி மறைத்துவிட்டு, பிறகு மெல்லிய ஒரு கோட் மட்டும் கொடுப்பதே முறை. அதேபோல் பாடி உட்காரும் மேடைகள், எர்த் கம்பி பிடிக்கும் இடம், மரை உள்ள துளைகள் எல்லாம் மறைக்கப்பட வேண்டும். இறுக்கிப் பிடிக்கும் இணைப்புகளுக்கு நடுவே தடித்த பவுடர் இருந்தால் அது நாளடைவில் நசுங்கி, முறுக்கிய போல்ட் தளர்ந்துபோகும். ஹெரால்டு முழுக்க போல்ட்டால் கட்டிய வண்டி என்பதால் இது சின்ன விஷயமில்லை.

இரண்டின் குணமும் கெடும் விதத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும். பெயின்ட் அடிபட்டால் அடிபட்ட இடத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும், துருப்பொட்டு எழும். சுரண்டி, பிரைமர் வைத்து, ஒரு பிரஷ் கறுப்பு கொடுத்தால் அரைநாள் வேலை. பவுடர் எளிதில் அடிபடாது. ஒருமுறை விரிசல் விட்டால் ஈரம் தோலுக்கு அடியில் ஊர்ந்து பரவும். மேலே பளபளப்பு மாறாது. ஒருநாள் நகத்தால் நெம்பினால் பட்டையாக உரிந்து வரும், உள்ளே பழுப்பு. துத்தநாகம் கலந்த எபாக்சி பவுடர் பிரைமர் அடியில் இருந்தால் இந்த ஊர்தல் வெகுவாகக் கட்டுப்படும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஓரக்கையில் புதிதாக ஒரு பிராக்கெட் வெல்டு வைக்க நேர்ந்தால், கருகிய பவுடரைத் தேய்த்தெடுத்துவிட்டு அந்த இடத்தைப் பெயின்ட்டால்தான் மூட முடியும். கட்டி முடித்த வண்டி மறுபடி ஓவனுக்குள் போகாது.

ஆகவே என் தராசில் ஹெரால்டின் சட்டம் பெயின்ட் பக்கம் சாய்கிறது. மடிப்பும் மூலையும் மூடிய தண்டும் நிறைந்த சாமான், வாழ்நாளெல்லாம் சின்னச் சின்னச் சிகிச்சை கேட்கும் சாமான் அது. விஷ்போன், பேட்டரித் தட்டு, சின்ன பிராக்கெட்டுகள், சக்கரங்கள் ஆகியவற்றைத் தயங்காமல் பவுடருக்குக் கொடுக்கலாம். கையில் பிடித்துத் திருப்பித் திருப்பித் தூவ வசதியான உருவம். கெட்டால் கழற்றிக் கொண்டுபோய் முழுதாக மறுபடி போட்டுக்கொள்ளலாம். பெட்டித் தண்டின் உட்புறம் இரண்டுக்குமே எட்டாது. பூச்சு முடிந்தபின் நீளக்குழாய் விட்டு உள்ளே மெழுகுத் திரவம் தெளிப்பதுதான் அதற்கு வழி. முன்பே தெளித்தால் ஓவன் சூட்டில் உருகி ஊற்றிவிடும்.

சேஸிஸைக் கொண்டுபோவதற்கு முன் சில கேள்விகள் கேட்டுப் பாருங்கள். பவுடர் பட்டறையில்: இரும்பின் சூட்டை எதில் அளக்கிறீர்கள், மூலைக்கு வோல்ட்டைக் குறைப்பீர்களா, வெறும் இரும்பை முதலில் ஒருமுறை சுடுவீர்களா? பெயின்டரிடம்: விளிம்புக்கு முதலில் பிரஷ் போடுவீர்களா, பிளாஸ்டிங் முடிந்த அன்றைக்கே பிரைமர் ஏறுமா, எண் பொறித்த இடத்தை என்ன செய்வீர்கள்? தடுமாறாமல் பதில் சொல்கிறவரிடம் கொடுத்துவிடலாம். அவர் பவுடர்காரராகவே இருந்தாலும், நான் மேலே சொன்ன தீர்ப்பை மாற்றிக்கொள்ளத் தயார்.