திரையில் வந்த புகையிரதமும் வாராத தமிழரும்

திரைப்படங்களிற் புகையிரதம் பெரும்பாலும் பிரிவுக்கும் சந்திப்புக்கும் பின்னணியாகவே அமையும். 1957ஆம் ஆண்டில் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலப் படத்திலோ, அதன் வருகையே கதையின் முடிவாகின்றது. கொழும்புக்கு வடக்கே கடலோடு கலக்கும் களனி கங்கையின் மேற்பகுதியில், கித்துல்கலவிலே, இப்படத்துக்கான பாலம் மரத்தாற் கட்டப்பட்டது. பொம்மை வண்டியைக் கொண்டு ஒப்பேற்றாது, மெய்யான புகையிரதத்தையே அப்பாலத்தில் ஓட்டி ஆற்றில் வீழ்த்தினார் நெறியாளர் டேவிட் லீன். வண்டியைக் காணுமுன்னரே அதன் ஊதலைக் கேட்கிறோம். வீழும்போது இரும்பின் பாரத்தை உணர்கிறோம். புகையிரதத்தில் ஈடுபாடுடையோர் இக்காட்சியை வியந்து போற்றுதல் பொருத்தமே.

ஆயின், அப்பாதையை அமைத்தவர் யாவர்? 1942-43இல் ஏறத்தாழ 415 கிலோமீற்றர் நீளத்துக்கு யப்பானியர் அமைப்பித்த சயாம்-பர்மா இருப்புப்பாதையில், நேசநாட்டுப் போர்க்கைதிகளினும் மிகப் பெருந்தொகையான ஆசியத் தொழிலாளர் உழைத்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அவருள் அடங்குவர். பசியாலும் கொலராவாலும் மாண்டோர் மிகப்பலர். படமோ கைதிகளான பிரித்தானியப் படையினரின் மானப்போராட்டத்தையே பொருளாகக் கொள்கின்றது.

புனைகதை வரலாறாகவேண்டியதில்லை என்பர். உண்மைதான். எனினும், வண்டி மெய்யாயிருத்தல் வேண்டுமென இத்துணை முயன்ற கலைஞர், தண்டவாளம் சுமந்த தோள்களையும் ஒருகணமாயினும் காட்டியிருக்கலாம். இப்படத்தின் சிறப்பை எடுத்துரைப்போர் இக்குறையையும் உடன் கூறுதல் கடனாகும்.