நெடுநல்வாடையின் பாண்டில்

பண்டை மனைப்பொருள்களின் வடிவங் காட்டும் படங்கள் தச்சுக்கலை வரலாற்றிற்குச் சிறந்த சான்றுகளாம். இலண்டன் மாநகரில் தாமசு சிப்பெண்டேல் என்பார் 1754-இல் வெளியிட்ட நூல் 160 செப்புத்தகட்டுப் படங்களை உடையது. நாற்காலியின் காலும் கையும் வளையுமாற்றை அப்படங்கள் நுணுகிக் காட்டும். ஆயின், அக்காலத்து உயர்ந்தோர் விரும்பிய மகோகனி மரம் ஜமைக்காத் தீவில் அடிமைகளின் உழைப்பால் வெட்டப்பெற்று வந்ததென்பதனைக் காட்டா. சொல்லால் வரையப்பெற்ற கட்டிற்படம் ஒன்று தமிழில் உண்டு. அது மறைப்பது யாதும் இல்லை என்பது எம் கருத்து.

நக்கீரர் 188 அடிகளாற் பாடிய நெடுநல்வாடையில் அரசியின் கட்டிலாகிய பாண்டில் விரித்துரைக்கப்படுகின்றது. புலவர் கட்டிலினின்று தொடங்கவில்லை, யானையினின்று தொடங்குகின்றார். நாற்பது யாண்டு நிரம்பி, முரசு போலும் கால்களை உடையதாய்ப் போரில் இறந்த களிற்றின் கொம்பே கருவிப்பொருள். அதன் பக்கங்களைச் செதுக்கி, கூரிய உளியால் இடையிடையே இலைவடிவம் அமைத்தவனை அவன் கைத்திறத்தாலேயே குறிக்கின்றார். குலமும் பெயரும் கூறினாரல்லர். குடம் போலத் திரண்ட பகுதி, அதன்கீழ் ஒடுங்கித் திரண்ட இடை, அடியில் உள்ளிப்பூண்டு போன்ற உறுப்பு என முறை பிறழாது செல்கின்றது வருணனை. இராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிப் பழைய மனைகளின் கடைசற் கட்டிற்கால்களை நோக்கினார்க்கு இவ்வரிசை எளிதிற் புலனாம். தொழிலறிந்தார் கண்ணுடன் நோக்கியன்றி இங்ஙனம் பாடுதல் அரிது.

இப்பகுதியை வெறும் அணிமிகையெனக் கருதுவார்க்கு நாம் உடன்படோம். இத்துணை முற்றுப்பெற்ற கட்டிலின்மீது இருப்பவளோ அணி களைந்த அரசி. வண்ணம் தீட்டி முடியாத ஓவியத்தை ஒப்பவள். வேந்தன் பாசறையில் உள்ளான். நள்ளிரவில் அவன் துயிலாது காணச்செல்வது யாரை? களிறுகளைக் களத்தில் வீழ்த்திய மறவரின் விழுப்புண்களை. அக்களிறுகளின் துதிக்கைகள் நிலத்திற் புரண்டமையும் ஆண்டே கூறப்படுகின்றது. அவ்வாறு வீழ்ந்த யானையொன்றின் கொம்பன்றோ கட்டிலாயிற்று! கட்டிலை ஈந்த போர்த்தொழிலே அதனை வறிதாக்கிற்று.

வேலில் வேம்பு சூட்டிய குறிப்பால் பாண்டியன் அடையாளம் பெறப்படுதலின் இப்பாட்டு அகமாகாது என்றார் நச்சினார்க்கினியர். அவ்வேம்பு பாட்டின் இறுதிப்பகுதியில் வருவது. புறம் அதற்கு நெடிது முன்னரே, அரண்மனைக்குள், கட்டிற்காலின் வாயிலாகப் புகுந்துவிட்டது.