ஹைட்ரஜன் ஆய்வகத்தில் மாணவர் குரல்

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதி வாசகர்களுக்கு ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. தோல் பதனிடும் தொழிற்சாலையின் கழிவுத் தொட்டியில் அது முதலில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். செறிவு மிகுந்தால் மோப்ப உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டதென்று நம்பி மேலும் இறங்குபவர் மேலே வருவது அரிது. உள்ளே என்ன நடக்கிறதென்பது உள்ளே இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். அவர் சொல்லவும் வேண்டும், கரையில் நிற்பவர் கேட்கவும் வேண்டும்.

விரிஞ்சிபுரத்தில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் திட்ட ஆவணத்தைப் படித்தபோது இந்தத் தொட்டிதான் என் நினைவுக்கு வந்தது. 2023 ஜனவரியில் மைய அமைச்சரவை ஒப்புதல் அளித்த இத்திட்டத்தின் மதிப்பு 19,744 கோடி ரூபாய். 2030-க்குள் ஆண்டுக்கு 50 இலட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் உற்பத்தித் திறனை எட்டுவது குறிக்கோள். இதில் 17,490 கோடி உற்பத்தியாளருக்கான ஊக்கத்தொகை. ஆராய்ச்சிக்கு 400 கோடி. இந்த விகிதத்தைக் குறை கூறுவோர் உண்டு. என் குறை வேறு. அமைச்சரவைச் செயலர் தலைமையில் ஓர் அதிகாரக் குழு, அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் தலைமையில் ஓர் ஆலோசனைக் குழு என அமைப்பு வகுக்கப்பட்டிருக்கிறது. செயலர்களும் தொழில்துறையினரும் வல்லுநர்களும் அவற்றில் உண்டு. அந்த 400 கோடியைச் சோதனைகளாக மாற்றப்போகும் முனைவர் பட்ட மாணவர்களுக்கென ஓர் இருக்கை இல்லை.

மாணவர்களுக்கு எதற்கு இருக்கை என்று நீங்கள் கேட்கலாம். ஹைட்ரஜனின் இயல்பே விடை சொல்லும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. அதன் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரிவதே அரிது. காற்றில் 4 விழுக்காடு முதல் 75 விழுக்காடு வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் தீப்பற்றும். பற்றவைக்க 0.02 மில்லிஜூல் ஆற்றல் போதும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். மனித உடலின் மின்தேக்குத்திறன் ஏறத்தாழ 100 பிக்கோஃபாரடு. உலர்ந்த நாளில் நம் உடலில் 3,000 வோல்ட் நிலைமின்னழுத்தம் ஏறுவது வியப்பன்று. கதவுப் பிடியைத் தொடும்போது சுரீரென்பது அதனால்தான். மின்தேக்குத்திறனை மின்னழுத்தத்தின் இருமடியால் பெருக்கிப் பாதியாக்கினால் 0.45 மில்லிஜூல் வரும். தேவையானதைப் போல் இருபது மடங்குக்கு மேல்!

இது வெறும் கணக்கன்று. 2016 மார்ச்சில் ஹவாய் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்து நிரப்பப்பட்ட தொட்டி வெடித்து, முனைவர் பட்டம் முடித்து அங்குப் பணியாற்றிய இளம் ஆய்வாளர் ஒரு கையை இழந்தார். தீயணைப்புத் துறை அழுத்தமானியின் மீது ஐயம் கொண்டது. பின்னர் ஆராய்ந்த வல்லுநர் குழு, நிலைமின் பொறியே பெரும்பாலும் காரணம் என்றது. நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: கருவியைத் தொடும்போது மின்னதிர்ச்சி ஏற்படுவதாக அவர் முன்பே மேலாளரிடம் கூறியிருந்தார். கவலைப்பட வேண்டாம் என்பதே கிடைத்த பதில். தனியொருவர் தனியொருவரிடம் சொன்னது அந்த அறையைத் தாண்டவில்லை.

நம் நாட்டு ஆய்வு மாணவர்கள் குரல் எழுப்பாதவர்கள் அல்லர். 2018-19இல் உதவித்தொகையை 80 விழுக்காடு உயர்த்தக் கோரிப் பல நிறுவனங்களின் மாணவர் பிரதிநிதிகள் ஒன்றுகூடிப் போராடினர். இளநிலை ஆய்வாளருக்கு 25,000 ரூபாய் 31,000 ஆயிற்று. அதாவது 24 விழுக்காடு. 2023இல் அது 37,000 ஆக்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வு விவகாரங்களுக்கென்றே மாணவர் செயலரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆய்வேட்டில் எவர் கையொப்பம் இட வேண்டுமோ அவரைப் பற்றியே குறை சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு பருவத்திலும் மாணவர் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தோன்ற வேண்டும். அக்குழுவைக் கூட்டுபவரும் அவருடைய நெறியாளரே.

இங்கிலாந்தில் நாட்டிங்காம், பர்மிங்காம், லஃப்பரோ, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆகிய நான்கும் சேர்ந்து ஹைட்ரஜனுக்கென 2019இல் ஒரு முனைவர் பயிற்சி மையத்தைத் தொடங்கின. இத்தகைய மையங்களில் ஓராண்டில் சேர்ந்தோர் ஓர் அணியாகப் பயில்கின்றனர். ஒருவர் மற்றவர்களுக்காகப் பேசுவது அங்கு எளிது. நம் மாணவரோ தம் நெறியாளரின் கீழ் தனி மரம். எனவே பிரதிநிதி ஒருவரை நியமித்து விடுவது மட்டும் போதாது. ஒவ்வோர் ஆய்வகத்திலிருந்தும் இருவர், மூத்தவர் ஒருவரும் புதியவர் ஒருவரும் வேண்டும். அவர்கள் கொண்டுவரும் குறை யாருடையது என்று கேட்கப்படலாகாது. கூட்டத்திற்கு அவர்களுடைய நெறியாளர் தலைமை ஏற்கக்கூடாது. இதற்குக் கோடிகள் தேவையில்லை.

என்னிடம் இளநிலைப் பட்டம் படித்த மாணவர் ஒருவர் இப்போது வெளியூரில் ஹைட்ரஜன் சேமிப்புப் பற்றி ஆராய்கிறார். பொங்கலுக்கு வந்திருந்தார். உங்களுக்குப் பிரதிநிதி உண்டா என்றேன். "இருக்கிறார் சார், விளையாட்டு விழாவுக்கு" என்று சிரித்தார். கசிவைக் கண்டறியும் கருவி இருக்கிறதா என்றேன். பழையது பழுதாகிவிட்டதாம், புதியது கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார்களாம். யார் எழுதியது என்று கேட்டேன்.

"எல்லாரும் சேர்ந்துதான் சார் எழுதினோம். கையெழுத்துதான் இன்னும் யாரும் போடவில்லை."